பல்லு போனா போகுது!

"எட்டு வயசுக்குள்ள இருந்தா டெட்ராசைக்ளின் கொடுக்காதே." பொட்டி தட்டுற நமக்கு இது ஒத்தை 'இஃப்' வரி. மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வந்த ஒரு மென்பொருள் இந்த மாதிரி வரியிலதான் முழிச்சுக்கிட்டு நின்னுச்சு.

1970-களில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கியது மைசின். கிருமித் தொற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக் என்று சொல்லும். லிஸ்ப் மொழி, நூற்றுக்கணக்கான விதிகள். 1979-இல் வெளியான ஒரு சோதனையில், 10 மெனிஞ்சைட்டிஸ் கேஸ்களில் அங்கிருந்த பேராசிரியர்களைவிட அதிக மதிப்பெண் வாங்குச்சு!

இவ்வளவு தெரிஞ்சவன் பாடமும் எடுப்பானே என்று, வில்லியம் க்ளான்சி அதே விதிகளை வைத்து கைடன் என்ற வாத்தியாரை உருவாக்கினார். மாணவர் ஒரு கேஸை அலசுவார். மைசின் என்ன செஞ்சிருக்கும்னு ஒப்பிட்டு கைடன் திருத்தும்.

சிக்கல் இங்கேதான். 'ஏன் கொடுக்கக் கூடாது?' விதியில் பதில் இல்லை. வளர்ற பல்லில் அந்த மருந்து கறை உண்டாக்கும் என்ற காரணம், விதி எழுதினவங்க மண்டைக்குள்ளேயே தங்கிடுச்சு. காரணம் தெரிஞ்ச டாக்டர், குழந்தை உயிருக்கே ஆபத்து, வேற வழியில்லைன்னா, பல்லு போனா போகுதுன்னு கொடுப்பார். விதியை மட்டும் மனப்பாடம் பண்ணினவர் கையைக் கட்டிக்கிட்டு நிப்பார்.

அதனால க்ளான்சி குழுவினர் 1980-களில் நியோமைசினை எழுதினப்போ, நோய் பற்றிய அறிவையும் டாக்டர் யோசிக்கிற முறையையும் தனித்தனியா பிரிச்சு வெச்சாங்க.

நம்ம கோடுல எத்தனை 'இஃப்' இப்படி காரணமில்லாம நிக்குது மக்களே? :-)