வரையாடும் துரைமார் துப்பாக்கியும் – ஒரு வரலாற்றுப் பார்வை



சென்ற தவணையில் எங்கள் பள்ளியில் பொது அறிவுப் புதிர்ப்போட்டி ஒன்று நடைபெற்றது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு எது என்னும் வினாவிற்கு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ‘வரையாடு’ எனச் சரியாக விடையளித்தான். போட்டி முடிந்தபின் என்னிடம் வந்து, “ஐயா, பாறை உச்சியில் நிற்கும் ஆட்டை அந்தக் காலத்துத் துரைமார் கீழே நின்றுகொண்டு எப்படிச் சுட்டார்கள்?” எனக் கேட்டான்.

நல்ல கேள்வி! உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஆனால், அக்கேள்வி என் தாத்தாவை நினைவூட்டியது. கெடா மாநிலத் தோட்டம் ஒன்றில் துரை பங்களாவில் வேலை செய்தவர் அவர். துரை பன்றி வேட்டைக்குச் சென்று திரும்பினால், அன்றிரவே துப்பாக்கியைத் துடைத்து வைப்பது தாத்தாவின் பொறுப்பு. “முதலில் கொதிக்கிற தண்ணீர், பிறகுதான் எண்ணெய்” என்று அவர் அடிக்கடி சொல்வார். அதன் காரணம் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. மாணவனின் கேள்விக்கு விடை தேடியபோதுதான் விளங்கிற்று.

வரையாடு என்னும் விலங்கு

‘வரை’ என்றால் மலை. சங்க நூல்களில் ‘வருடை’ என்னும் பெயரால் குறிக்கப்படும் மலையாடும் இதுவே என்பர். மேற்குத் தொடர்ச்சி மலையில், ஏறத்தாழ 1,200 மீட்டர் முதல் 2,600 மீட்டர் வரையிலான புல்வெளிகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் இது வாழ்கிறது. பெயரில் ‘ஆடு’ என்று இருந்தாலும், இது வெள்ளாட்டைவிடச் செம்மறியாட்டு இனத்திற்கே நெருங்கியது என 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெண்ணிறத் திட்டு தோன்றும். நீலகிரியிலும் மூணாறு மலைகளிலும் இருந்த ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் தேடி அலைந்தது அந்தக் கிடாவைத்தான்.

வரையாட்டின் கண்பார்வை மிகக் கூர்மையானது. ஆபத்து கீழிருந்து வரும் என்றே அது பெரும்பாலும் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும். ஆகவே, அனுபவமுள்ள வேட்டைக்காரர் கீழிருந்து சுட முயல்வதில்லை. விடியுமுன் புறப்பட்டு, மலையைச் சுற்றி ஏறி, மேலிருந்து இறங்கி வருவார். மாணவனின் கேள்விக்கு முதல் விடை இதுவே.

துப்பாக்கியை ஆயத்தப்படுத்துதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் புகை கக்கும் கறுப்பு வெடிமருந்தே பயன்பட்டது. குண்டு மெதுவாகச் சென்றதால் சிறிது தொலைவிலேயே தாழ்ந்துவிடும். தொலைவைக் கணிப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் குறி தவறும். 1890களில் புகையற்ற வெடிமருந்தும் சிறிய குழலுடைய ரைபிள்களும் பரவிய பின்னர், குண்டின் பாதை ஓரளவு நேராயிற்று. குழலின் மேல் மடங்கும் சிறு தகடுகள் இருந்தன. 100 கெசத்திற்கு ஒன்று, 200 கெசத்திற்கு ஒன்று என நிமிர்த்திக் குறிபார்ப்பர். ரைபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கி அக்காலத்திலேயே இருந்தபோதிலும், மழையிலும் மூடுபனியிலும் அதன் கண்ணாடி மங்கிவிடும் என்று பலர் அதனை நம்பவில்லை. விலங்கைத் தேடுவதற்குக் கையில் நீட்டி மடக்கும் தொலைநோக்கியை மட்டும் எடுத்துச் சென்றனர்.

எந்தக் கருவியாயினும், வேட்டைக்கு முன் அதனைச் சோதித்தாக வேண்டும். அளந்த தொலைவில் இலக்கு ஒன்றை நட்டு, துப்பாக்கியை அசையாத தாங்கியின் மேல் வைத்து, ஒரே புள்ளியை நோக்கி மூன்று முறை சுடுவர். மூன்று குண்டுகளும் ஓரிடத்தில் விழுந்து, அவ்விடம் புள்ளிக்கு விலகியிருந்தால் குறிபார்க்கும் பகுதியைத் திருத்த வேண்டும். மூன்றும் மூன்று பக்கம் சிதறினால் பிழை வேறெங்கோ உள்ளது. தொலைநோக்கியின் திருகாணி தளர்ந்திருக்கலாம், சுடுபவரின் கை நடுங்கியிருக்கலாம், மரக்கட்டை ஈரத்தில் ஊதிக் குழலை அழுத்தியிருக்கலாம். கீழே சரிபார்த்த துப்பாக்கியை மலையேறிய பின் மீண்டும் சரிபார்ப்பதும் அவசியம். வழியில் ஒருமுறை தட்டுப்பட்டாலே குறி மாறிவிடும்.

மலையின் உயரமும் கணக்கில் வரும். 2,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். காற்று மெலிவதால் குண்டிற்குத் தடை குறைந்து, தொலைவில் சற்று மேலே படும். குளிரில் வெடிமருந்தின் வேகம் குறைவதால் சற்றுக் கீழே படும். இவ்விரண்டும் எவ்வளவு ஈடுசெய்கின்றன என்பதை அங்கேயே சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும்.

அடுத்தது சரிவு. இதனை ஆறாம் ஆண்டு வகுப்பில் நான் அளவுகோலும் பாகைமானியும் கொண்டு செய்து காட்டினேன். 45 பாகைச் சரிவில் 30 சென்டிமீட்டர் கோடு வரைந்து, அதன் நுனியிலிருந்து செங்குத்தாகக் கீழே கோடு இறக்கி, அடிக்கோட்டை அளக்கச் சொன்னேன். 21 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வந்தது. சரிவில் 300 மீட்டர் தொலைவில் நிற்கும் விலங்கிற்குக் கிடைமட்டத் தொலைவு 212 மீட்டர்தான். குண்டு எவ்வளவு தாழும் என்பது பெரும்பாலும் அந்தக் கிடைமட்டத் தொலைவைப் பொறுத்தது. 300 மீட்டர் என எண்ணிக் குறிவைத்தால் குண்டு விலங்கின் மேலே போய்விடும்! மேலிருந்து சுட்டாலும் கீழிருந்து சுட்டாலும் இக்கணக்கே பொருந்தும். மாணவர்கள் வியந்து மகிழ்ந்தனர். (நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்பதையும் அவர்களிடம் சொல்லத் தவறவில்லை.)

கொதிநீரின் இரகசியம்

இனி, தாத்தாவின் கொதிநீருக்கு வருவோம். அக்காலத் தோட்டாவின் அடியில் இருந்த பற்றவைக்கும் மருந்தில் குளோரேட் உப்பு கலந்திருந்தது. சுட்டபின் குழலினுள் ஒருவகை உப்பு படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்துச் சில நாள்களில் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, நீர் கரைக்கும். கொதிநீர் ஊற்றினால் குழலும் சூடேறி விரைவில் உலர்ந்துவிடும். பிறகு எண்ணெய் தடவலாம். துருவேறிய குழலிலிருந்து குண்டு குறிப்படி செல்லாது. துரையின் குறி தப்பாமல் இருந்ததில் தாத்தாவின் கொதிநீர்ப் பாத்திரத்திற்கும் பங்குண்டு.

துரைமார் வேட்டைக் குறிப்புகளில் எவ்வளவோ எழுதினர். கொம்பின் நீளத்தை அங்குலத்தில் எழுதினர். துப்பாக்கி செய்தவரின் பெயரை எழுதினர். சுமை தூக்கியவர், தடம் பார்த்தவர், துப்பாக்கி துடைத்தவர் ஆகியோரின் பெயர்கள் அவற்றில் அரிதாகவே காணப்படுகின்றன. மூணாறு மலைகளில் வழிகாட்டியவர்கள் முதுவர் பழங்குடியினர். மலையின் எந்த மடிப்பில் ஆடு நிற்கும் என அறிந்திருந்தவர்கள் அவர்களே.

சுட்டவர்களே காத்தனர்

வரலாற்றின் அடுத்த திருப்பம் வியப்பிற்குரியது. ஆடுகள் அருகுவதை முதலில் உணர்ந்தவர்களில் வேட்டைக்காரர்களும் இருந்தனர். 1877இல் நீலகிரியில் வேட்டைச் சங்கம் ஒன்று தோன்றியது. 1879இல் அங்கு வேட்டையை வரையறுக்கும் சட்டம் வந்தது. மூணாறுத் தோட்டக்காரர்களும் ஒரு சங்கம் கண்டனர். முதுவர்களைக் காவலர்களாக அமர்த்தினர். அவர்கள் காத்த இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று.

நம் மலாயாவிலும் இப்படி ஒருவர் இருந்தார். தியோடர் ஹப்பாக் என்னும் தோட்டக்காரர், யானை, காட்டெருது வேட்டையைப் பற்றி 1905இல் நூல் எழுதியவர். மலையாட்டைத் தேடி அலாஸ்கா வரை சென்று, அந்தப் பயணத்தைப் பற்றி 1921இல் இன்னொரு நூல் வெளியிட்டார். பின்னர் அவரே வனவிலங்குகளுக்காக வாதாடினார். அவர் தயாரித்த வனவிலங்கு ஆணைய அறிக்கை 1932இல் வெளிவந்தது. இன்று தாமான் நெகாரா என நாம் அழைக்கும் பூங்கா 1938-39இல் உருவானதில் அவர் பங்கு பெரிது.

இந்தியாவும் மலேசியாவும் ஒரே ஆண்டில், அதாவது 1972இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. வரையாட்டை வேட்டையாடுவது இந்தியாவில் குற்றமாயிற்று. நம் சுண்ணாம்புக்கல் குன்றுகளில் வாழும் ‘கம்பிங் குரூண்’ என்னும் காட்டாட்டிற்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் முழுப் பாதுகாப்பு அளிக்கிறது. கெடாவின் குரூண் பட்டணத்தைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு இந்த விலங்கைப் பற்றிக் கூறலாமே!

1975இல் இ.ஆர்.சி. தாவீதார் வரையாடுகளைக் கணக்கெடுத்தார். அவர் நினைவாகத் தமிழ்நாட்டில் அக்டோபர் 7ஆம் நாள் வரையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2025 ஏப்ரலில் நடந்த கூட்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365 வரையாடுகள் காணப்பட்டன. கணக்கெடுப்பவர்களும் மலையேறுகிறார்கள், தொலைநோக்கியைச் சரிபார்க்கிறார்கள், மூச்சடக்கிக் காத்திருக்கிறார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, குறிப்பேடு இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தோட்டத்தில் உழைத்த பாட்டனோ பாட்டியோ இருந்தால், “அங்கு உங்கள் கைகள் என்ன வேலை செய்தன?” எனப் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். விடையைப் பெயரோடும் ஆண்டோடும் எழுதச் சொல்லுங்கள். என் தாத்தாவிடம் நான் அப்படிக் கேட்டு எழுதவில்லை. கொதிநீர் என்ற ஒரு சொல் மட்டுமே என்னிடம் எஞ்சியுள்ளது.

அந்த மாணவனுக்கு விடை கூறிவிட்டேன். அவன் இப்போது தன் பாட்டியிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறான்.