அலமாரித் தட்டில் விரித்த பேப்பர்

போகிக்கு முதல் நாள் எங்கள் பொன்னேரி வீட்டில் அலமாரிகளைக் காலி செய்வதே பெரிய வேலை. தகர டப்பாக்களும் ஊறுகாய் ஜாடிகளும் திண்ணைக்கு வந்துவிடும். உப்புக் கசிவு, டப்பாவின் துரு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் ஒரு வருஷம் தாங்கிய பழைய பேப்பரை அம்மா உருவி எடுப்பாள். விடிந்தால் அது போகித் தீயில். அடியில் மரப்பலகை கறையில்லாமல் இருக்கும். காய்ந்த வேப்பிலையைத் தூவி, புதுப் பேப்பர் விரிப்பாள். முன்னால் தொங்கும் விளிம்பைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டுவது என் வேலை.

யோசித்துப் பார்த்தால் இது அப்படியொன்றும் பழங்காலத்து வழக்கமாக இருக்க முடியாது. 1882-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899-ல்தான் நாளிதழானது. 'தினமணி' வந்தது 1934-ல், 'தினத்தந்தி' 1942-ல். தினமும் பேப்பர் வாங்கினால்தானே வீட்டில் பழைய பேப்பர் சேரும்!

மேல்தட்டில் மட்டும் அடியில் கிடந்த ஒரு பேப்பரை அம்மா மாற்றவே மாட்டாள். "அதை எடுக்காதேடா, இருக்கட்டும்" என்பாள். காரணம் கேட்டதில்லை. அவள் காலமான பிறகு வீட்டை ஒழித்தபோதுதான் பார்த்தேன். 1968-ல் நான் எழுதிய எஸ்.எஸ்.எல்.சி. தேர்வின் முடிவு வந்த பக்கம். அப்போதெல்லாம் தேறியவர்களின் எண்கள்தான் பேப்பரில் வரும். வரிசை வரிசையான எண்களுக்கு நடுவே என் எண்ணைச் சுற்றி அப்பா போட்ட சிவப்புப் பென்சில் வட்டம். கையில் எடுத்தேன், மடிப்போடு உதிர்ந்துவிட்டது.

பூச்சி அரித்ததல்ல. செய்தித்தாள் காகிதம் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்வது. அதிலுள்ள லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகும். நாளடைவில் காகிதத்துக்குள்ளேயே அமிலம் சேர்ந்து அதை நொறுக்கிவிடும். பலகையைக் காப்பாற்றிய பேப்பருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, பழைய புத்தகங்களோடு, ஊரார் தூக்கிப் போடும் நோட்டீஸ், அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்தார். அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமே உருவானது. எங்கள் வீட்டில் அந்த வேலையைத் தனக்குத் தெரிந்த அளவில் அம்மா செய்திருக்கிறாள்.

வட்டமிட்ட துண்டு மட்டும் முழுசாகக் கிடைத்தது. அதை உறையில் போட்டு, வெளிச்சம் படாமல் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு மேல்தட்டையும் ஒருமுறை பாருங்கள். பேப்பரை மட்டும் அவசரப்பட்டு உருவாதீர்கள்.