திருக்கை வயிற்றில் முத்தைத் தேடியவர்கள்

புத்தூர்க்காரருக்குக் கடல் எண்டால் நிலாவரைக் கிணற்றின் அடியிலிருக்கும் உப்புத்தண்ணியும் ஞாயிற்றுக்கிழமைச் சுறா வறையும்தான். (பிள்ளை பெற்ற வீட்டில் கிழமை நாளிலும் வறை உண்டு.) அந்தச் சுறாவைப் பற்றிய பழைய கதையொன்று.

மன்னார் முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கு 'கடல்கட்டி' எண்டொருவர் இருந்தார். அவர் மந்திரம் சொல்லாமல் குளியாட்கள் இறங்கமாட்டார்கள். ஆகவே பிரிட்டிஷ் அரசே அவரைப் பராமரித்தது. எமர்சன் தெனன்ட் 1859 இல் வெளியிட்ட நூலின்படி, அன்றைய கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர்!

1902 இல் லிவர்பூலிலிருந்து ஹேர்ட்மன் என்ற கடலுயிரியலாளர் வந்தார். உதவிக்கு ஜேம்ஸ் ஹோர்னல். பார்களில் சிப்பி ஏன் திடீரென இல்லாமல் போகுது என்பதே கேள்வி. சிப்பி தின்னும் மீனைக் கள்ளன் எண்டுதானே நாங்கள் சொல்லுவோம்? இவர்களோ சிப்பிக்குள் நாடாப்புழுவின் குடம்பிகளைக் கண்டார்கள். முத்து அதைச் சுற்றியே விளைகிறது, புழு முற்றுவது சுறாவின் உறவான திருக்கையின் குடலில் எண்டார்கள். அப்படியெண்டால் திருக்கை இல்லாமல் முத்தும் இல்லை. மீனில் கருவி பொருத்தி அதன் பாதையைப் பார்க்கும் வசதி அப்போது ஏது? வயிற்றைக் கீறி, புழுவை வைத்தே எது எதைத் தின்றது எண்டு பிடித்தார்கள்.

முத்துக் கதை நிலைக்கவில்லை. பெரும்பாலான முத்துக்களில் புழுவே இல்லை எண்டு பிறகு தெரிந்தது. 1906 இல் பார்களைக் குத்தகைக்கு எடுத்த கம்பனியும் நட்டப்பட்டது.

இப்போது பயப்படவேண்டியது சுறாதான். நீளவால் சுறாக்களைப் பிடிப்பதை இலங்கை 2012 இல் தடைசெய்தது. போன கிழமை சந்தையில், வெட்டி வைத்த துண்டு எந்தச் சுறா எண்டு கேட்டோம்.

"சுறா, தம்பி. வறைக்கு நல்லம்."