துலாவில் பிறந்த துல்லியம்

இம்மியும் பிசகாத சரிநுட்பத்தைக் குறிக்க இன்று வழங்கும் ‘துல்லியம்’ என்ற சொல், வடமொழியின் ‘துல்ய’ என்பதிலிருந்து வந்ததாகும். ‘துலா’ எனும் தராசைக் குறிக்கும் சொல்லிலிருந்து இது அமைந்ததென்றும், தராசினால் ஒப்பளக்கப்பட்டது என்பதே இதன் பொருளென்றும் பாணினியின் அஷ்டாத்தியாயி இலக்கணம் வகுக்கிறது. ஆகவே இச்சொல் முதலில் உணர்த்தியது சமன்மையையே. பிழையின்மை என்னும் பொருள் பின்னர் வளர்ந்தது. துலாம் ராசியின் பெயரும் இதே வேரினதாகும்.

சொல்லின் பிறப்பிடமான எடைபோடுதல் எவ்வளவு கண்டிப்பான கலையாக இருந்தது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளே தலைசிறந்த சான்று. அங்கே பொன் ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய எடைக்கல்லாலும், மணிகள் பதித்த அணிகலன்கள் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. இறைவனின் திருப்பெயர்களையே எடைக்கற்களுக்குச் சூட்டியதில் அளவையின்மீது அக்காலத்தார் வைத்திருந்த மதிப்பு தெரிகிறது. கழஞ்சு என்பது இருபது மஞ்சாடி, மஞ்சாடி என்பது இரண்டு குன்றி என விதைகளின் பெயரால் அமைந்த அளவைகளில், குன்றிக்கும் கீழான பின்னங்கள் வரை எழுதப்பட்டன. அணிகலன்களுக்கோ முத்தும் மணியும் எண்ணிக்கையோடு பதிவாயின. உள்ளே நிரப்பிய அரக்கும் எடையில் சேர்ந்திருந்தால், அதுவும் மறைக்கப்படாமல் கல்லில் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டது.