நத்தார் காலத்து நன்றியும் ஐலன்பேர்க் நகரின் போதகரும்

மார்கழி பிறந்துவிட்டால் கிறிஸ்தவ இல்லங்களிலே நத்தார் ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. ஆலயங்களில் திருவருகைக் காலத்து மெழுகுதிரிகள் வாரத்துக்கு ஒன்றாக ஏற்றப்படுகின்றன. ஆண்டின் இறுதி இரவிலே, கடந்த பன்னிரண்டு மாதங்களிலும் காத்து நடத்தியமைக்காக இறைவனுக்கு நன்றி கூறும் வழிபாடு நடைபெறுகின்றது. பிறந்த மண்ணிலும் சரி, தஞ்சம் புகுந்த நாடுகளிலும் சரி, எம்மவர் மத்தியில் இவ்வழக்கம் மாறவில்லை.

ஆயினும் இந்நன்றி வழிபாட்டிற்குச் செல்லும் எம்மிற் பலரின் உள்ளத்தை ஒரு கேள்வி உறுத்துவதுண்டு. ஊரை இழந்தோம், உற்றாரை இழந்தோம், காணாமற் போனோர் பற்றிய செய்தி இன்றுவரை இல்லை. இந்நிலையில் எதற்காக நன்றி கூறுவது? நாம் உயிர் தப்பியதற்காக நன்றி கூறுவது, தப்பாமற் போனவர்களுக்குச் செய்யும் துரோகமாகிவிடாதா? இக்கேள்வி புதியதன்று. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் யேர்மனியின் சிறு நகரம் ஒன்றில் வாழ்ந்த போதகர் ஒருவரின் வாழ்வும், அவர் இயற்றிய பாடல் ஒன்றின் நெடும் பயணமும் இக்கேள்வியை வேறொரு கோணத்தில் நோக்க எமக்கு உதவுகின்றன.

அப்போதகரின் பெயர் மார்ட்டின் ரிங்கார்ட். சாக்சனி நாட்டில், லைப்சிக் நகருக்கு வடகிழக்கே முல்டே ஆற்றங்கரையில் அமைந்த ஐலன்பேர்க் என்னும் ஊரிலே 1586ஆம் ஆண்டு சித்திரை மாதத்திற் பிறந்தவர். தந்தையார் மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளி. மைந்தரோ லைப்சிக்கின் புனித தோமையார் பாடசாலையிற் பாடகர் குழுவிலே சேர்ந்து பயின்று, பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்று, 1617இல் தாம் பிறந்த ஊருக்கே லூத்தரன் திருச்சபையின் போதகராகத் திரும்பினார். மறு ஆண்டிலேயே முப்பதாண்டுப் போர் மூண்டது. அவருடைய பணிக்காலம் ஏறக்குறைய முழுவதும் அப்போரிலேயே கழிந்தது.

1618 முதல் 1648 வரை நீடித்த அப்போர் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து சமயப் பிணக்கிலே தொடங்கி, பின்னர் அரச வம்சங்களின் ஆதிக்கப் போட்டியாக உருமாறியது. போர்க்களத்தில் மடிந்தோரைவிடப் பசியாலும் நோயாலும் மடிந்தோரே அதிகம். படைகள் தாம் கடந்து சென்ற நிலத்தின் விளைச்சலையே தின்று வாழ்ந்தன. எவருடைய படை வந்தாலும் குடியானவனின் களஞ்சியம் வெறுமையாயிற்று. 1631இல் மக்டேபேர்க் நகரம் தீக்கிரையானபோது ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்டனர் என்பர்.

ஐலன்பேர்க் மதில் சூழ்ந்த நகரம். ஆதலின் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு அதனுள்ளே தஞ்சம் புகுந்தனர். இடவசதியின்றி மக்கள் நெருங்கி வாழ்ந்த அந்நகரிற் கொள்ளைநோய் பரவியது. 1637இல் அது உச்சத்தை எட்டிற்று. தலைமைப் போதகர் நகரைவிட்டு நீங்கினார். ஏனைய போதகர் இருவரும் நோய்க்குப் பலியாகினர். அவர்களுக்கும் இறுதிக் கிரியை நடத்திய ரிங்கார்ட், அதன்பின் அந்நகரின் ஒரே போதகராக எஞ்சினார். நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது பேருக்கு அவர் இறுதிச் செபம் சொல்ல நேர்ந்தது. அவ்வாறு அவர் அடக்கம் செய்தோரின் தொகை 4,480 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுள் ஒருவர் அவருடைய மனைவி. பிணங்களின் தொகை பெருகியபோது கிரியைகளின்றி நீண்ட குழிகளிலே புதைக்கும் நிலை ஏற்பட்டது.

கொள்ளைநோயின் பின்னே பஞ்சம் வந்தது. தெருவிலே செத்துக் கிடந்த ஒரு பூனைக்காகவும் ஒரு காகத்திற்காகவும் முப்பது நாற்பது பேர் அடிபட்டனர் என வரலாறு கூறுகின்றது. ரிங்கார்ட் தம் குடும்பத்திற்கு இன்றியமையாததை மாத்திரம் வைத்துக்கொண்டு, எஞ்சியதைப் பசித்தோருக்குப் பகிர்ந்தளித்தார். அது போதாதபோது வருங்கால வருமானத்தை ஈடுவைத்துக் கடன் பெற்றார். 1639இல் சுவீடன் நாட்டுப் படை நகரை வளைத்து முப்பதாயிரம் தாலர் பணம் கேட்டபோது, கருணை காட்டுமாறு படைத்தலைவனிடம் மன்றாடியவரும் அவரே. அவன் மறுத்துவிட, தம்முடன் வந்த மக்களை அழைத்து, மனிதரிடத்தில் இரக்கம் கிடைக்கவில்லை, இறைவனிடம் முறையிடுவோம் என்று கூறி அவ்விடத்திலேயே முழந்தாளிட்டார் என்பது மரபு. இறுதியில் அத்தொகை இரண்டாயிரம் புளோரினாகக் குறைந்தது.

இத்தகைய ஒருவர் இயற்றிய பாடல்தான் யேர்மன் மொழியிலே 'நுன் டாங்கெற் அல்ல கொற்' எனத் தொடங்கும் நன்றிப் பாடல். 'இப்போது நாம் எல்லோரும் இறைவனுக்கு நன்றி கூறுவோம்' என்பது அத்தொடக்கத்தின் பொருள். 1648இல் சமாதானம் பிறந்த மகிழ்ச்சியிலே அவர் இதனைப் பாடினார் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆயின் ஆய்வாளர்கள் இப்பாடலை 1636ஆம் ஆண்டளவிலே வெளிவந்த அவரது செப நூலோடு தொடர்புபடுத்துவர். சமாதானத்திற்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த காலம் அது. மேலும், வெற்றி விழாவுக்காகவோ தேவாலயப் பெருவிழாவுக்காகவோ அது எழுதப்படவில்லை. உணவு மேசையிலே சொல்லும் சிறு செபம் என்றே அது தலைப்பிடப்பட்டிருந்தது.

இவ்வுண்மை பழைய கதையைவிட ஆழமானது. போர் முடிந்தபின் நன்றி கூறுவது எவர்க்கும் எளிது. போரின் நடுவிலே, நாளை கிடைக்குமோ என்று தெரியாத உணவைப் பார்த்து நன்றி கூறுவது வேறு. சீராக் ஆகமத்தின் 50ஆம் அதிகாரத்தைத் தழுவி எழுந்த இப்பாடலின் முதற் பகுதி நன்றியாக அமைகின்றது. இரண்டாம் பகுதியோ வேண்டுதல்: மகிழ்ச்சியான உள்ளமும் சமாதானமும் தா, இடுக்கண்களினின்று விடுவி என்பது அதன் சாரம். ஆகவே நன்றி கூறியவர் குறைகளை மறைக்கவில்லை. எல்லாம் நன்றாக இருக்கின்றது என்று பொய்யுரைக்கவுமில்லை. நன்றியையும் முறையீட்டையும் ஒரே மூச்சிலே சொன்னார்.

1647இல் யோகான் குறூகர் தமது இசை நூலிலே இப்பாடலை மெட்டோடு வெளியிட்டார். பாக் இதனை இசையமைத்தார். 1840இல் மென்டெல்சோன் தமது பெரும் இசைப்படைப்பு ஒன்றிலே இதனைச் சேர்த்தார். 1858இல் கதறீன் வின்க்வேர்த் அம்மையாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தபின், வட அமெரிக்காவின் நன்றியறிதல் நாள் வழிபாடுகளிலும் இது நிலைபெற்றது. 1706இல் தரங்கம்பாடியிலே வந்திறங்கி, யேர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழ்ச் சபைக்கு அறிமுகஞ் செய்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்க்கும் ரிங்கார்ட் பிறந்த அதே சாக்சனி நாட்டவரே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஆனால் ஒரு பாடல் எவர் வாயில் எதற்காக ஒலிக்கும் என்பதை அதனை இயற்றியவர் தீர்மானிக்க முடிவதில்லை. 1757 டிசெம்பர் 5ஆம் திகதி, திருவருகைக் காலத்திலே, சிலேசியாவின் லொய்தன் என்னுமிடத்தில் பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடெரிக்கின் படை ஒஸ்திரியப் படையை முறியடித்தது. அன்றிரவு, இருதரப்பிலும் பல்லாயிரவர் மாண்டும் காயமுற்றும் கிடந்த களத்திலே, போர்வீரன் ஒருவன் இப்பாடலைத் தொடங்கப் படை முழுவதும் சேர்ந்து பாடியது என்பர். அன்று தொட்டு இது வெற்றிப் பாடலாயிற்று. 1914 ஓகஸ்ட் 1ஆம் திகதி, படை திரட்டும் ஆணை வெளியானதும், பேர்லின் அரண்மனை முன்னே கூடிய மக்கள் பாடியதும் இதனையே. பிணங்களைப் புதைத்தவரின் பாடல், பிணங்களைக் குவிக்கப் புறப்பட்டோரின் பாடலாக மாறியது. மாற்றானின் அழிவை இறைவன் தந்த பரிசு எனக் கொள்ளும் நன்றி எவ்வளவு ஆபத்தானது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. இலங்கையிலே ஒரு சாராரின் இழவு மறுசாராரின் வெற்றி விழாவானதைக் கண்ட எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அதே பாடல் 1955 ஒக்ரோபரில் மீண்டும் ஒருமுறை ஒலித்தது. கோட்டிங்கன் நகருக்கு அருகே பிறீட்லாண்ட் என்னும் கிராமத்தில், 1945இல் அகதிகளுக்காகத் திறக்கப்பட்ட இடைத்தங்கல் முகாம் உண்டு. கொன்ராட் அடனவர் மொஸ்கோ சென்று பேசியதன் பயனாக, சோவியத் சிறையில் எஞ்சியிருந்த யேர்மன் கைதிகள் பத்தாண்டுகளின் பின் அம்முகாமுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் போர்க்குற்றம் புரிந்தோரும் இருந்தனர். வரவேற்கக் கூடியோருள், கணவரின் அல்லது மைந்தரின் படத்தை ஏந்தி, இவரைக் கண்டீர்களா என்று வந்தவர்களிடம் கேட்டு நின்ற பெண்களும் இருந்தனர். அந்தக் கூட்டத்தின் நடுவிலேதான் நன்றிப் பாடல் எழுந்தது. ஒருவர் பாட, அருகிலே மற்றொருவர் கண்ணீருடன் படத்தை உயர்த்திப் பிடித்திருந்தார். அந்தப் படங்களை ஏந்திய கைகளை எமது தாய்மாரிடத்திலும் நாம் கண்டுள்ளோம்.

எமது மண்ணிலும் ஐலன்பேர்க் போன்ற இடங்கள் உண்டு. 1995 யூலை 9ஆம் திகதி, பாதுகாப்புத் தேடி நவாலி தேவாலயத்திலும் அதன் சூழலிலும் தங்கியிருந்த மக்கள் குண்டுவீச்சிலே மாண்டனர். 2004இல் நத்தாருக்கு மறுநாள் ஆழிப்பேரலை எம் கரையோரங்களைக் காவு கொண்டது. 2009இல் முள்ளிவாய்க்காலிலே நிகழ்ந்ததை எழுத்தில் அடக்க இயலாது. இவற்றின் பின்னும் எம் ஆலயங்களில் ஆண்டிறுதி நன்றி வழிபாடு தொடர்கின்றதெனில், அதனை மறதி என்று கருதலாகாது. ரிங்கார்ட் தாம் அடக்கம் செய்தவர்களை மறந்து நன்றி கூறியவரல்லர். தப்பியவனின் நன்றி துரோகமாவது, அவன் தன் மேசையை மாத்திரம் பார்த்து நன்றி கூறி, வாசலில் நிற்பவனை மறக்கும்போதுதான். பாடலை எழுதியபின் வந்த ஆண்டுகளிலே தம் உணவைப் பகிர்ந்தும், கடன்பட்டு ஊட்டியும், அந்த உணவுச் செபத்திற்கு ரிங்கார்ட் தம் வாழ்வாலே பொருள் தந்தார்.

நகர ஆட்சியினர் அவருக்கு அதற்கேற்ற நன்றி காட்டவில்லை என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். சமாதானம் வந்து ஓராண்டே கழிந்த நிலையில், 1649 டிசெம்பர் 8ஆம் திகதி, நத்தாருக்குச் சில நாட்களே இருக்கையில், நலிந்த உடலோடு அவர் மறைந்தார்.

இவ்வாண்டும் நத்தார் விருந்து எம் இல்லங்களிலே பரிமாறப்படும். உண்ணுமுன் ஒரு கணம் நன்றி கூறுவோம். இன்று எம்முடன் இல்லாதோரின் பெயர்களையும் அச்செபத்திலே சேர்த்துக்கொள்வோம். புதிதாக வந்து, முகாமிலோ தனி அறையிலோ இருக்கும் ஒருவருக்கு எம் மேசையிலே ஓரிடம் ஒதுக்குவோம்.