பலுதாவும் ‘சுதந்திர’மும்: ஔந்தை அடுத்த ஓர் ஊரை முன்வைத்து

பொருளியல் வாழ்வைச் சமூகவியல் நோக்கில் ஆராய்வோர்க்கு, புனே நகரின் ஔந்தை அடுத்து, முளா ஆற்றுக்கு வடபால் அமைந்த பிம்ப்ளே சௌதாகர் குறிப்பிடத்தக்க சான்றாகும். புனே வேளாண் கல்லூரியின் முதல்வராக விளங்கிய ஹெரால்டு மான் இவ்வூரை ஆராய்ந்து 1917இல் நூலாக வெளியிட்டார். 1771இல் 40 ஏக்கராக இருந்த சராசரி நிலவுடைமை 1915 அளவில் 7 ஏக்கராகச் சுருங்கியதை அவர் எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு வகை நிலத்திலும் மகன்மார் அனைவர்க்கும் பங்கு என்னும் பாகப்பிரிவினை மரபு நிலத்தைத் துண்டாடியது. கணக்கேட்டில் நட்டமாகத் தோன்றுவது உறவுமுறையில் நியாயமாகிறது. அம்பேத்கரோ 1918இல் எழுதிய கட்டுரையில், நிலத்தையே நம்பிய மக்கள் மிகுதியைச் சிக்கலாகக் கண்டு, தொழில்மயமாதலைத் தீர்வாக முன்வைத்தார்.

ஊர்க்கைவினைஞரும் ஊழியரும் விளைச்சலிற் பெற்ற பங்கு மராத்தியில் பலுதா எனப்படும். தமிழகக் களத்துமேட்டில் அதற்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். (அச்சொல்லின் விடுதலைப் பொருளையே இன்று பலரும் அறிவர்.) உழவர்க்குச் செலவாகும் தானியம் பெறுவோர்க்கு உரிமையாகிறது. ஆயினும் அவ்வுரிமை அனைவர்க்கும் ஒரு தன்மையதன்று. தச்சர்க்குத் தொழிலின் ஊதியம், மகார்களுக்கோ வரையறையற்ற ஊழியத்தோடு பிணைத்த தளை. இதனை முதன்மைப்படுத்தாத ஊராய்வு நிறைவுடையதாகாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பலுதாவைப் பணமாகப் பெற வழிசெய்யும் மசோதாவை அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. மகார் வதன் முறை 1958ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிந்தது.