மக்ரூன்: பெயர் எந்தக் கப்பலில் வந்தது?

திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் திரும்பும் வழியில் தூத்துக்குடியில் வண்டியை நிறுத்துவார்கள். பொரித்த பரோட்டா சாப்பிட்டுவிட்டு, ஊருக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி மக்ரூன் வாங்குவார்கள். வெள்ளையாய், கூம்பாய், வாயில் போட்டதும் நொறுங்கிக் கரையும் இந்தப் பண்டத்தைப் போர்த்துக்கீசியர் தந்தார்கள் என்று கடைக்காரர் முதல் வழிகாட்டி நூல்வரை எல்லோரும் சொல்கிறார்கள்.

நம்பக்கூடிய கதைதான். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றும்வரை இந்தக் கரையில் போர்த்துக்கீசியரின் செல்வாக்குதான். சாவி, அலமாரி, ஜன்னல், மேசை எல்லாம் அவர்கள் மொழி விட்டுப்போன சொற்கள். ஆனால் மக்ரூன் அந்த வரிசையில் சேராது.

இச்சொல்லின் வேர் இத்தாலியில் இருக்கிறது. அங்கே மாவுப் பண்டத்தைக் குறித்த சொல் ஒரு பக்கம் மக்ரோனி ஆயிற்று. இன்னொரு பக்கம் பிரான்சுக்குப் போய், பாதாம் பருப்பும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்ந்த இனிப்புக்கு ‘மக்கரோன்’ என்று பெயராயிற்று. போர்த்துக்கீசில் அதே வேர்ச்சொல் மக்ரோனி வகையைத்தான் குறிக்கும். அடித்த முட்டை வெள்ளையில் செய்யும் இனிப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சுஸ்பிரு’. பிரெஞ்சின் ‘ஓன்’ ஈற்றை ‘ஊன்’ ஆக்குவது ஆங்கிலத்தின் பழக்கம். பலூன், சலூன், கார்ட்டூன் மூன்றும் தமிழுக்கு அப்படி வந்தவையே. மக்ரூனும் அவற்றின் உடன்பிறப்பு. 1825இல் தூத்துக்குடி உறுதியாக ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகே இப்பெயர் இங்கே வேரூன்றியிருக்க வேண்டும் என்பது என் முடிவு.

போர்த்துக்கீசியருக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, அது பெயரில் இல்லை, பருப்பில் இருக்கிறது. பாதாம் விளையாத இந்த மண்ணில் அதன் இடத்தை முந்திரி பிடித்தது. முந்திரி பிரேசில் நாட்டு மரம். இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். மலையாளத்தில் அதற்குப் ‘பறங்கிமாவு’ என்றே பெயர். தென்கோடித் தமிழர் கொல்லாமரம் என்றும் அண்டிப்பருப்பு என்றும் சொல்வார்கள். பழைய தமிழில் முந்திரி என்பது திராட்சைக் கொடி. புதிய மரம் வந்து பெயரை எடுத்துக்கொள்ள, திராட்சை ‘கொடிமுந்திரி’ என்று அடைமொழி சூட்டிக்கொண்டது.

பெயரும் பருப்பும் வெளியிலிருந்து வந்தாலும் கைப்பக்குவம் தூத்துக்குடிக்காரருடையது. முட்டையின் மஞ்சள் ஒரு சொட்டும் கலக்காமல் வெள்ளையை மட்டும் பிரித்து, சர்க்கரை சேர்த்து நுரை கெட்டிப்படும்வரை அடிக்கிறார்கள். அரைத்த முந்திரியை நுரை அமுங்காதபடி கலந்து, காகிதக் கூம்பில் அடைத்துத் தட்டில் பிதுக்கி விடுகிறார்கள். கையைத் தூக்கும்போது இழுபடும் நுனிதான் அந்தக் கூர்முனை. பிறகு இளஞ்சூட்டில் நெடுநேரம் உலர விடுகிறார்கள். சூடு கூடினால் நிறம் பழுக்கும், குறைந்தால் உள்ளே பிசுபிசுக்கும். மாவில்லை, வெண்ணெயில்லை, மறைத்துவைக்க எதுவும் இல்லாததால் பருப்பின் தரம் முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.

வாங்கும்போது மூலப்பொருள் பட்டியலைப் பாருங்கள்: முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளை மூன்றுதான் இருக்க வேண்டும். முட்டை சேர்க்காதவர்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈரக்காற்று பட்டால் நமத்துவிடும். ஊர் சேர்ந்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.